பெட்டி இல்லாமல் விற்ற எஸ்.எஸ்.டி.

லேப்டாப்பைக் கவிழ்த்துப் பின்மூடியைக் கழற்றியதும் செத்து உலர்ந்த மூன்று கரப்பான்கள் மேசைமேல் விழுந்தன. நான்காவது உயிரோடு இருந்தது. விசிறிக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி, திருகாணி போட்டு வைத்திருந்த கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

"மேடம், உள்ள ஒரு குடும்பமே குடித்தனம் பண்ணுது" என்று கடைக்காரன் முகிலன் சத்தமாகச் சிரித்தான். கடையில் நின்றிருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மேனகா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தினமும் பத்து மணி நேரம் அவள் கை வைத்து வேலை செய்கிற சாமான் அது. அருவருப்பைவிட, முன்பின் தெரியாதவர்கள் பார்த்துவிட்டார்களே என்கிற கூச்சம் பெரிதாக இருந்தது. சீக்கிரம் வாங்கிக்கொண்டு வெளியே போனால் போதும் என்றாகிவிட்டது. வாங்க வந்த எஸ்.எஸ்.டி.க்குப் பெட்டி இல்லாததைப் பற்றி அவள் அதற்குமேல் அழுத்திக் கேட்காமல் விட்டது அதனால்தான்.

மேனகாவுக்கு நாற்பத்தொரு வயது. முதலியார்பேட்டையில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து கல்யாண ஆல்பம் வடிவமைப்பது அவள் தொழில். கணவர் கலியபெருமாள் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போகிறார். தவளக்குப்பத்திலிருந்தும் கடலூர் பக்கத்திலிருந்தும் போட்டோகிராபர்கள் வந்து ஆயிரக்கணக்கில் படங்களைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவள் அவற்றைப் பொறுக்கி, பக்கங்களாக அடுக்கி, தூக்கம் கெட்ட மணப்பெண்ணின் கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பைத் துடைத்து, அச்சுக்கு அனுப்புவாள்.

இந்த வேலையை அவள் கற்றுக்கொண்டது ஒரு ஸ்டூடியோவில். பத்தொன்பது வயதில் ரசீது எழுதப் போனவள், அங்கே கம்ப்யூட்டர் பழகி, ஐந்து வருடம் இருந்தாள். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தபோது, முதலாளியும் அவர் சிநேகிதர்கள் இரண்டு பேரும் ஒரு மணப்பெண்ணின் படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ரவிக்கை விலகிய இடத்தைக் காட்டி ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேனகா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். திரும்பிப் போகவே இல்லை. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வழக்கம். ஆல்பம் அச்சாகி வந்த பதினைந்தாம் நாள், அந்தக் கல்யாணத்தின் படங்கள் ஒன்றுகூட அவளிடம் இருக்காது. லேப்டாப்பை எந்த சர்வீஸ் கடையிலும் விட்டுவிட்டு வரவும் மாட்டாள்.

அந்த லேப்டாப்புக்கு எட்டு வயது. உள்ளே சுற்றுகிற பழைய ஹார்டு டிஸ்க். ஆல்பத்தின் ஒரு பக்கம் திறப்பதற்குள் கீழே குக்கரில் மூன்று விசில் வந்துவிடும். ஆடி முடிந்து முகூர்த்தங்கள் தொடங்கிய நேரத்தில் அது 'டிக் டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. அதற்குப் பதில் சுற்றாத, வேகமான எஸ்.எஸ்.டி. டிரைவ் போடுவதென்று முடிவு செய்து, ஒரு வாரம் உட்கார்ந்து படித்தாள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாள். அவள் லேப்டாப்பில் குச்சி மாதிரி இருக்கும் புது வகை டிரைவுக்கு இடமே கிடையாது. இரண்டரை அங்குலப் பெட்டி மாதிரி இருக்கிற சாட்டா வகைதான் உட்காரும். அதனால் வேகத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண். நிரம்பி வழிகிற டிரைவ் மந்தமாகிவிடும் என்பதால் ஒரு டி.பி. கொள்ளளவாவது வேண்டும். ஐந்து வருட வாரண்டி வேண்டும். மொத்தம் எவ்வளவு டேட்டா எழுதினால் டிரைவ் தேயும் என்று கம்பெனி சொல்கிற கணக்கும் தெரிய வேண்டும்.

முகிலன் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "யூடியூப் பாத்துட்டு வந்தீங்களா மேடம்?" என்றான். பெட்டி இல்லாத ஒரு டிரைவை, வெறும் பிளாஸ்டிக் உறையில் போட்டு நீட்டினான்.

"பாக்ஸ் எங்க?"

"இது கம்பெனிக்காரன் புது லேப்டாப்புல போடறதுக்கு மொத்தமா அனுப்புற பீஸு. பாக்ஸ் வராது. மூணு வருஷத்துக்கு நான் கேரண்டி. லேப்டாப்ப வெச்சிட்டுப் போங்க, சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் இதுல ஏத்தித் தரேன்."

"வேணாம். நானே பண்ணிக்கிறேன். வெளிய சொருகற கேஸ் ஒண்ணு குடுங்க."

முகிலன் முகம் ஒரு கணம் மாறியது. அதை அவள் பிறகுதான் நினைத்துப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து, டிரைவை அந்தக் கேஸில் போட்டு லேப்டாப்பில் வெளியிலிருந்தே செருகி, அதன் உடல்நிலையைக் காட்டும் மென்பொருளை ஓட்டினாள். 6,840 மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டியது. புதுச் சாமான், கணக்குப் பார்த்தால், இரவு பகலாக ஒன்பது மாதத்துக்கு மேல் உழைத்திருந்தது.

முதலில் வந்தது கோபம்தான். போட்டோகிராபர்கள் தவறி அழித்துவிட்ட கார்டுகளைக் கொண்டுவரும்போது படங்களை மீட்டெடுக்க அவளிடம் ஒரு மென்பொருள் உண்டு. முன்னால் இது யாருடையது என்று பார்த்துவிடலாம் என அதை ஓட்டினாள். ஒரு மணி நேரத்தில் பத்தொன்பதாயிரம் கோப்புகள் வரிசையில் வந்து நின்றன.

முதல் படம், அடுப்பில் ஏற்றிய பெரிய பிரியாணி தேக்சா. இரண்டாவது, ஜன்னலோரத்தில் உலர்த்திய குழந்தைச் சட்டை. மூன்றாவதில் ஒரு பெண் கண்ணாடி முன்னால் நின்று தன்னையே எடுத்திருந்தாள். மார்பின் ஒரு பக்கம் இல்லை. அந்த இடத்தில் நீளத் தையல். கண்ணாடியின் ஓரத்தில் தேதி எழுதிய துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. டாக்டருக்கு அனுப்ப எடுத்ததாக இருக்க வேண்டும்.

மேனகா லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். எழுந்து போய்க் குழாயடியில் கை கழுவினாள். சோப்பு போட்டு மறுபடியும் கழுவினாள். அந்த உடம்பைப் பார்த்து அவளுக்கு அருவருப்பு வரவில்லை. அந்தப் படம் எத்தனை கைகள் மாறி, எந்த மேசையில் கிடந்து, தன் கைக்கு வந்தது என்று நினைத்தபோது வந்தது.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் போய் நின்றாள்.

"இது ஓடின சரக்கு. உள்ள ஒரு பொம்பளையோட படமெல்லாம் இருக்கு."

முகிலன் மறுக்கவில்லை. திடுக்கிடவும் இல்லை. "பார்மெட் பண்ணித்தான குடுத்தேன். எப்பிடி எடுத்தீங்க?" என்றான். பிறகு மேசைமேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, பாதிச் சிரிப்போடு கேட்டான்: "இன்னா மாதிரி படம்?"

மேனகாவுக்கு வாய் கசந்தது. அவள் நகராமல் நின்றதைப் பேரத்துக்கு நிற்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

"சரி வுடுங்க, வேற தரேன்." கீழே இருந்த டிராயரை இழுத்தான். உள்ளே டிரைவுகள் செங்கல் மாதிரி அடுக்கி இருந்தன. ஒவ்வொன்றிலும் காகித டேப். டேப்பில் பேனாவால் ஒரு பெயரும் போன் நம்பரும்.

"இதெல்லாம் யாருது?"

"கஸ்டமருது. செத்துப்போச்சுன்னு வுட்டுட்டுப் போனது. எல்லாக் கடையிலயும் இதாங்க நடக்குது. உங்களுக்கு இன்னா நஷ்டம்?"

அவனுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினான். மேனகா தன் போனை எடுத்து டிராயரை இரண்டு படம் எடுத்தாள். அவசரத்தில் ஒன்று கலங்கிவிட்டது. இன்னொன்று தெளிவாக இருந்தது.

அவன் திரும்பி வந்து, "காச வாங்கிக்கினு அந்தப் பீஸக் குடுத்துடுங்க மேடம்" என்றான்.

"காசு வேணாம். இது உன் கைக்குத் திரும்பி வராது."

முந்தின நாள்வரை அவனை 'நீங்க' என்று சொன்னவள்தான்.

மீட்டெடுத்த கோப்புகளில் பிரியாணி ஆர்டருக்கான விலைப்பட்டியல் ஒன்றும் இருந்தது. அடியில் ஹாஜிரா என்ற பெயரும் நம்பரும். போனில் எல்லாவற்றையும் சொல்ல முடியாமல், "உங்க பழைய லேப்டாப்பு விஷயம், நேர்ல சொல்றன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, முல்லா வீதியில் இருந்த வீட்டுக்குப் போனாள்.

ஹாஜிராவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டிலேயே சமைத்து விசேஷங்களுக்கு அனுப்புகிறவள். மேனகா கடையைச் சொல்லி நீட்டிய டிரைவைக் கையில் வாங்காமல் தள்ளியிருந்தே பார்த்தாள்.

"ஜூன்ல லேப்டாப்பு ஆன் ஆவலன்னு அங்கதாங்க்கா குடுத்தேன். எஸ்.எஸ்.டி. செத்துப்போச்சு, உள்ள இருந்தது எதுவும் தேறாதுன்னு சொன்னாங்க. புதுசு போட்டுக் குடுத்தாங்க. அப்ப இது சாவவே இல்லியா?"

"இல்ல. நல்லா இருக்கு. அதான் எனக்குப் புதுசுன்னு வித்துட்டான்."

ஹாஜிரா நேராக மேனகாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்க பாத்தீங்களா?"

பொய் சொல்லிவிடலாம் என்று மேனகா வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"பாத்தேன். மூணு படம். மூணாவது வந்ததும் மூடிட்டேன்."

ஹாஜிரா எழுந்து உள்ளே போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. முகம் கழுவிவிட்டு வந்தபோது கண் சிவந்திருந்தது. "எங்க வூட்டுக்காரர்கூட அதப் பாத்ததில்ல" என்றாள். அந்தச் சொல்லில் மேனகாமீதும் வெறுப்பு இருந்தது. அதை மறைக்க ஹாஜிரா முயலவில்லை. மேனகாவும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை.

"போலீஸ்ல கம்ப்ளைண்ட் குடுத்துடலாம். நான் கூட வரேன்."

"குடுத்தா இதையும் சேத்துத்தான குடுக்கணும்? அப்புறம் உள்ள இருக்கறத எத்தன பேரு பாப்பாங்க?"

போலீஸ்காரர்கள் முறையாகத்தான் நடந்துகொள்வார்கள் என்று சொல்ல மேனகா வாயெடுத்தாள். எதை நம்பி அதைச் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

ஆர்டர் பட்டியல்களை மட்டுமாவது எடுத்துத் தரட்டுமா என்று கேட்டாள். அதுவும் வேண்டாம் என்றாள் ஹாஜிரா. சமையல்கட்டிலிருந்து இஞ்சி இடிக்கிற இரும்பு உலக்கையை எடுத்து வந்தாள். டிரைவின் மேலுறை இரண்டு அடியில் பிளந்தது. உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பச்சை அட்டை, அதில் நாலு கறுப்புச் சில்லுகள்.

"இவ்ளோதானா?" என்றாள் ஹாஜிரா. அது அவ்வளவு சின்னதாக இருந்ததே அவளை இன்னும் புண்படுத்தியது போலிருந்தது. சில்லுகள் பொடியாகும்வரை இடித்தாள். பொடியை இரண்டு பொட்டலமாக மடித்து, ஒன்றை மேனகாவிடம் கொடுத்து, "இத உங்க பக்கத்துக் குப்பையில போட்டுடுங்க. ரெண்டும் ஒரே எடத்துல இருக்க வேணாம்" என்றாள்.

அதன்பிறகு மேனகா டிராயர் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதினொரு பெயர்களைப் படிக்க முடிந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். இரண்டு பேர் எடுக்கவில்லை. மூன்று பேர் அவள் ஏதோ விற்கக் கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டார்கள். ஒருவர், "பழசுதான, போனாப் போவுது" என்றார். ஒரு ஆள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்னுது கெடக்கட்டும்மா, மத்ததுல லேடீஸ் படம் ஏதாச்சும் இருந்துச்சா?" என்றான். மேனகா போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, கொஞ்ச நேரம் அதைத் தொடவே இல்லை. முகிலன் ஒருத்தன்தான் இப்படி என்று அவள் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

மிச்சம் நாலு பேர் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள். அதில் பாரதி என்கிற ஓய்வுபெற்ற பிரெஞ்சு டீச்சர் மட்டும் அதோடு விடவில்லை. தன் டிரைவில் மாணவர்களின் சான்றிதழ் நகல்களும் தன் பென்ஷன் காகிதங்களும் இருந்ததாக எழுதி, மேனகா எடுத்த படத்தையும் சேர்த்துப் புகார் கொடுத்தார். போலீஸ் வந்து டிராயரோடு அள்ளிக்கொண்டு போனது. முப்பத்தொன்று இருந்ததாம். மேனகாவும் போய் வாக்குமூலம் கொடுத்தாள். "உங்களுக்கு வித்த டிரைவ் எங்க?" என்று கேட்டார்கள். உடைத்துவிட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டபோது, "என்னுது, ஒடச்சிட்டேன்" என்பதற்குமேல் சொல்லவில்லை. ஹாஜிராவின் பெயர் எந்தக் காகிதத்திலும் வரவில்லை.

பிறகு ஹாஜிரா அவளைக் கூப்பிடவில்லை. இவளும் கூப்பிடவில்லை. பார்த்தவள், பார்க்கப்பட்டவள் என்கிற ஒன்று நடுவில் கிடந்தது. அதை எடுத்து எங்கே வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

மேனகா வேறு கடையில், முத்திரை உடையாத பெட்டியில், அவள் எழுதி வைத்திருந்த அதே கணக்குக்கு ஒன்று வாங்கினாள். பெட்டியில் இருந்த எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்த்து, கடையிலேயே பிரித்து லேப்டாப்பில் செருகி, ஓடிய நேரம் பூஜ்யம் என்று தன் கண்ணால் கண்ட பிறகுதான் பணம் கொடுத்தாள். வீட்டில் கையுறை மாட்டிக்கொண்டு, கரப்பான் எச்சத்தையெல்லாம் பிரஷ்ஷால் தட்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, டிரைவைத் தானே பொருத்தினாள். கலியபெருமாள் திருகாணிகளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஆல்பத்தின் பக்கம் நாலே நொடியில் திறந்தது.

"சூப்பரா இருக்கே" என்றார் அவர்.

"ம்" என்றாள் மேனகா.

நாற்பது நாள் மூடிக் கிடந்த கடை, இரண்டு தெரு தள்ளி வேறு பெயரில் திறந்தது. மச்சான் பெயரில் என்று கேள்வி. அச்சகத்துக்குப் போகும் வழியில் பார்த்துவிட்டு மேனகா ஸ்கூட்டரை ஓரங்கட்டினாள். வாசலில் பேனர்: 'எஸ்.எஸ்.டி. அப்கிரேடு. பழைய டிரைவுக்கு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்.' உள்ளே முகிலன் யாருக்கோ எதையோ காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அதே சிரிப்பு.

பையில் லேப்டாப்போடு ஒரு மனிதர் படியேறப் போனார். ஐம்பது வயதுக்குமேல் இருக்கும்.

"சார், இங்க குடுக்காதீங்க. உள்ள இருக்கறத எடுத்து விக்கிற ஆளு. போலீஸ் கேஸ் நடக்குது."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எந்தக் கடைம்மா?"

"நான் கடையே இல்ல சார். என்னை ஏமாத்தினான், அதான் சொல்றன்."

"மத்த எடத்தவிட ஆயிரம் ரூபா கொறச்சித் தராங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். முகிலன் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். பையை வாங்கி மேசைமேல் வைத்து, லேப்டாப்பைக் கவிழ்த்தான்.

மேனகா தெருவோரத்தில் காறித் துப்பினாள். நடுத்தெருவில் அப்படிச் செய்கிறவளே அல்ல அவள். துப்பிய பிறகும் வாயில் அந்தக் கசப்பு போகவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு அச்சகத்துக்குப் போனாள்.