நின்றுபோன லாரியின் கதை

ஒரு ஜப்பான் கார் கம்பெனி எப்படிப் பிறந்தது என்று புதுக்கோட்டையில் யாராவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும். அதைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். திருச்சி ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில், கார்களுக்கான வயர்க் கட்டுகள் செய்யும் புது ஃபேக்டரி ஒன்று வந்தது. அங்கே தயாராவதெல்லாம் அந்த ஜப்பான் கம்பெனியின் கார்களுக்குள் போகும். வேலைக்குச் சேரும் பெண்களுக்கு அந்தக் கம்பெனியின் ஆரம்ப காலச் சரித்திரத்தைத் தூக்கம் வராதபடி தமிழில் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். ஓயாமல் பேசுவது எனக்குக் கூடவே பிறந்தது. வீட்டில் அதற்கு வாயாடி என்று பெயர், ஃபேக்டரியில் டிரெய்னர் என்றார்கள்.

இந்த வேலை எனக்கு வெறும் வேலை இல்லை. கணவர் கத்தாரில் இருக்கிறார். இந்த வேலைக்கு முந்தின இரண்டு வருஷம் நான் மெட்ராஸில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தேன். மகளைத் திருக்கோகர்ணத்தில் தங்கை வீட்டில் விட்டிருந்தேன். தினமும் ராத்திரி போன் போடுவேன். "நல்லா இருக்கேம்மா" என்பாள். ஒரு நாள்கூட அழுததில்லை, ஒரு குறையும் சொன்னதில்லை. என் பிள்ளை மாதிரி உண்டா என்று ஹாஸ்டல் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். ஆனாலும் அவளை விட்டுவிட்டு பஸ் ஏறும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தெரு மறையும்வரை ஜன்னல் வழியே திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். ஊரிலேயே வேலை கிடைத்ததும் ஓடி வந்துவிட்டேன். ஒரே ஒரு சிக்கல். முதல் ஒப்பந்தம் ஆறு மாதத்துக்குத்தான். அது முடியும்போது ஜப்பானிலிருந்து ஒருவர் வந்து, பயிற்சி பலித்திருக்கிறதா என்று பார்ப்பார். பலிக்கவில்லை என்றால் எனக்கு மறுபடியும் மெட்ராஸ், மறுபடியும் ஹாஸ்டல் சாம்பார்.

ஆகவே சரித்திரத்தை உருப்போட்டேன். நல்ல கதைதான். அந்தக் கம்பெனி காரில் ஆரம்பிக்கவில்லை, தறியில் ஆரம்பித்தது. ஒரு தச்சர் வீட்டுப் பையன், அம்மா தறியில் கஷ்டப்படுவதைப் பார்த்து, தறியைத் திருத்தத் தொடங்கினான். திருத்தித் திருத்திக் கடைசியில் ஒரு தறி செய்தான். நூல் ஒன்று அறுந்தால் அந்தத் தறி தானாக நின்றுவிடும். கெட்ட துணி ஒரு முழம்கூட வெளியே வராது. தறி செய்தவருடைய மகனுக்குக் கார்ப் பைத்தியம். தறி ஃபேக்டரியின் ஒரு மூலையைத் தடுத்து, வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கிவந்து, ஆணி ஆணியாகக் கழற்றிப் பார்த்துப் படித்தார். அப்புறம் ஒரு லாரி செய்து ரோட்டில் விட்டார்கள். அது வழியெல்லாம் நின்றது. எனக்குப் பிடித்த இடமே இந்த லாரிதான்.

மானேஜருக்குப் பிடிக்கவில்லை. அவர் மணமேல்குடிக்காரர், துபாயில் பல வருஷம் பெரிய வேலை பார்த்துவிட்டு வந்தவர். நல்ல மனிதர். ஆனால் நல்ல நேரம் பார்க்காமல் பேனா மூடியைக்கூடத் திறக்க மாட்டார். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் நான் பேசப்போவதைச் சொல்லிக்காட்டச் சொன்னார். லாரி வந்ததும் கையைத் தூக்கிவிட்டார்.

"நல்ல நாளும் அதுவுமா வண்டி நின்னுச்சுன்னு சொல்லலாமா மேடம்? அதைத் தூக்கிருங்க."

நம் ஊரில் புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம், பூசணிக்காய் சுற்றி உடைக்கிறோம். அந்த நேரத்தில் பிரேக்டவுன் பற்றி எவனாவது பேசினால் அவனையும் சேர்த்து உடைப்போம். அதனால் நானும் வாதாடவில்லை. நூல் "அறுந்தது" என்பதைக்கூட "விடுபட்டது" என்று மாற்றச் சொன்னார், மாற்றினேன். கடைசியில் என் சரித்திரம், பெண் வீட்டாரிடம் தரகர் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல ஆகிவிட்டது. நல்ல குடும்பம், தறித் தொழில், அம்மா மேல் பாசம், படிப்படியான முன்னேற்றம், ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது.

திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. பெண்கள் வரிசையாக நின்று வேலை செய்யும் லைனுக்கு மேலே ஒரு மஞ்சள் கயிறு ஓடும். வேலையில் ஏதாவது தப்பு கண்ணில் பட்டால், யாராக இருந்தாலும் அதை இழுக்கலாம். மணி அடிக்கும், விளக்கு எரியும், லைன் நின்றுவிடும். அந்தக் காலத்துத் தறி தானாக நின்றதன் வாரிசுதான் இந்தக் கயிறு என்று அழகாகப் பேசினேன். கைதட்டினார்கள். ஐயர் கயிற்றுக்கும் குங்குமம் வைத்து ஒரு சரம் சாமந்தியைச் சுற்றினார். மறுநாள் மெஷின்களின் மாலையெல்லாம் கழன்றது. கயிற்றின் மாலையை மட்டும் யாரும் தொடவில்லை. அது அங்கேயே காய்ந்தது. சில பெண்கள் ஷிப்ட் ஆரம்பிக்கும்போது அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இழுத்தவர் மட்டும் யாரும் இல்லை.

எனக்கு அது உறுத்தவே இல்லை என்பதுதான் வேடிக்கை. மானேஜருக்கோ பெருமை பிடிபடவில்லை. இது வரைக்கும் கயிறு ஒரு தடவைகூட இழுக்கப்படவில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நானும் கூட நின்று தலையாட்டினேன்.

ஆறு மாதம் முடியும் தறுவாயில் ஜப்பான்காரர் வந்தார். ஒல்லியான மனிதர், கூடவே மொழிபெயர்க்க ஒரு பெண். இளநீர் கொடுத்தோம், ரசித்துக் குடித்தார். லைனோடு மெதுவாக நடந்தார். கயிற்றில் தொங்கிய காய்ந்த சாமந்தியை அண்ணாந்து பார்த்துவிட்டு, இதை எத்தனை தடவை இழுத்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

"ஒரு தடவைகூட இல்லங்க," என்றார் மானேஜர், வாயெல்லாம் பல்லாக.

அந்தப் பெண் அதை மொழிபெயர்த்ததும் ஜப்பான்காரர் முகம் தொங்கிப்போனது. பரீட்சையில் தோற்ற பிள்ளையின் அப்பா மாதிரி நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். மனிதர்கள் புதிதாக வேலை கற்றுக்கொள்ளும் இடத்தில் தப்பே நடக்கவில்லை என்றால் தப்பை மறைக்கிறார்கள் என்று அர்த்தம், இவர்களுக்கு நீங்கள் என்ன கதை சொன்னீர்கள் என்று கேட்டார். எனக்குக் கண் முன்னால் மெட்ராஸ் பஸ் வந்து நின்றது.

பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம், ஏன் யாருமே இழுப்பதில்லை என்று நானே கேட்டேன். குடுமியான்மலைப் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள், கை வேகமாக ஓடும். அவள் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தாள்.

"ஒங்க கதையில தறி தானா நின்னுச்சு மேடம், யாருக்கும் கெட்ட பேரு இல்ல. இங்கிட்டு நான் இழுத்தா, நிறுத்துனவ நானுல்ல?"

ஆறு மாதமாக நான் பேசிய பேச்சையெல்லாம் அந்த ஒரு கேள்வி தூக்கிக் கடாசிவிட்டது. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. மானேஜரைப் பார்த்தேன். ராகுகாலமா, எமகண்டமா என்று தெரியவில்லை. "சார், அந்த லாரிய இப்ப சொல்லப்போறேன்" என்றேன். அவர் பதில் சொல்லுமுன் ஆரம்பித்துவிட்டேன்.

அந்தக் கம்பெனியின் முதல் லாரி ரோட்டில் எப்படி நின்றது என்று சொன்னேன். ஒரு தடவை அல்ல, போகிற இடமெல்லாம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். செய்தவர்கள் ஓடி ஒளியவில்லை. எங்கே நின்றதோ அங்கே கிளம்பிப் போனார்கள், அடியில் படுத்தார்கள், உடைந்ததைக் கழற்றினார்கள், அடுத்த லாரியில் அது உடையாதபடி செய்தார்கள். நின்றது நின்றது என்று சொல்லிச் சொல்லித்தான் அது ஓடக் கற்றுக்கொண்டது. தப்பைத் தாங்களே சொன்னவர்கள்தான் இன்றைக்கு இந்த உயரத்தில் இருக்கிறார்கள். அறந்தாங்கி பஸ் மாதிரி இருந்திருக்கும் போல என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, லைனே சிரித்தது. மொழிபெயர்க்கும் பெண் பஸ் ஜோக்கை எப்படிச் சொன்னாளோ தெரியாது, அவரும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியபோது குடுமியான்மலைப் பெண் கையை உயர்த்திக் கயிற்றை இழுத்தாள். காய்ந்த சாமந்தி எங்கள் தலையில் உதிர்ந்தது. மணி அடித்தது, விளக்கு எரிந்தது, லைன் நின்றது. வயரைச் செருகும்போது கிளிக் என்று பூட்ட வேண்டிய பிளக் ஒன்று கொஞ்ச நாளாகச் சரியாகப் பூட்டவில்லையாம். கட்டைவிரலால் அழுத்தி அழுத்திச் சமாளித்திருக்கிறாள். விரலைக் காட்டினாள், நுனி சிவந்து கன்றிப்போயிருந்தது.

ஜப்பான்காரர் அவள் முன்னால் போய், இடுப்பு வரை குனிந்து வணங்கினார். நிறுத்தியதற்கு நன்றி என்று சொல்கிறார் என அவர்கூட வந்த பெண் மொழிபெயர்த்தாள். மானேஜர் ஒரு நிமிஷம் விழித்துவிட்டுத் தானும் குனிந்தார். துபாயிலும் பழகாத வணக்கம், பாவம், முதுகு வளையவில்லை. அன்றைக்கு மட்டும் கயிறு இன்னும் மூன்று இடத்தில் இழுபட்டது.

சாயங்காலம் கேட்டில் மானேஜர் என்னை நிறுத்தினார். ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்களாம்.

"லாரிக் கதைய இனிமே மொதல்லயே சொல்லிருங்க மேடம்," என்றார். "எதுக்கும் ராகுகாலம் இல்லாம பாத்துக்கங்க."

வீட்டுக்கு ஸ்கூட்டியில் பறந்தேன். தோசை ஊற்றிக்கொண்டே மகளுக்கு எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். மானேஜர் குனிந்ததற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். இனி அம்மா எங்கேயும் போகப்போவதில்லை என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அம்மா, நீ மெட்ராஸ்ல இருந்தப்ப நான் நல்லா இருக்கேன்னு சொல்லுவேன்ல, அது சும்மா."

"எப்பவாச்சும் அப்புடி சொன்னியா?"

"தெனமும்," என்றாள். "நீ வருத்தப்பட்டா வேலைய விட்டுருவேன்னு சித்தி சொன்னாங்க. போன வச்சதும் பாத்ரூமுக்குப் போய் அழுவேன்."

இரண்டு வருஷம், ஒரு குறைகூடச் சொல்லாத பிள்ளை. அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த வாய் இது. மானேஜரைப் பார்த்துச் சிரித்தேனே, நான் அவரைவிடப் பெரிய மானேஜராக இருந்திருக்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். காலையில் ஃபேக்டரியில் கேட்டது மட்டும்தான் வாயில் வந்தது.

"சொன்னதுக்கு நன்றிடி."

"ஜப்பான்காரர் மாதிரி பேசாதம்மா," என்று சொல்லிவிட்டு, இரண்டு வருஷத்து அழுகையை என் தோளில் சாய்ந்து அழத் தொடங்கினாள்.