ஜன்னலோரத்தில் ஒரு செர்ரிக் கட்டை

முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். கத்தாத பிறவி ஒன்று என் வண்டியில் ஏறியதே இல்லை. ஓய்வு பெற்றபின், மதக் கட்டுப்பாட்டால் கார் வைத்துக்கொள்ளாத ஆமிஷ்காரர்களுக்கு வேன் ஓட்ட ஆரம்பித்தேன். முதல் வாரமே சலோமா ராபர் வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு மரப்பெட்டி. மில்லர்ஸ்பர்க் தாண்டும் வரை ஒரு வார்த்தை இல்லை. ஊமையோ என்று நினைத்துவிட்டேன். பிறகு, "அந்த வயலைப் பாரு, ஜோலீன். நேத்து இந்த நிறம் இல்ல" என்றாள். அதோடு சரி, கிளீவ்லண்ட் வரை மறுபடி மௌனம். எரிச்சலாக வந்தது. ஆனால் திரும்பி வரும்போது அந்த வயலை நானே தேடினேன்.

பதினேழு வருடம் ஆகிறது.

சலோமாவின் அண்ணன் மெருகுப் பட்டறை வைத்திருக்கிறான். சுற்றுவட்டாரத் தச்சர்கள் செய்கிற மேஜை, கட்டில், சமையலறை அலமாரி எல்லாம் சாயம் ஏறவும் மெருகு பூசவும் அங்கேதான் வரும். எந்த மரத்துக்கு எந்தச் சாயம் என்பதில் சலோமா சொல்வதுதான் முடிவு. பட்டறையில் சாயங்களுக்கு எண்கள் உண்டு. அவளுக்கு எண் ஒத்துவராது, தானாகப் பெயர் வைத்துக்கொள்வாள். ஆறிப்போன காப்பி. மழைக்கு முந்தின வைக்கோல். நவம்பர் மாலை. பெட்டியில் அறுபது சின்ன மாதிரிக் கட்டைகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு.

கடையில் வைத்து யாருக்கும் நிறம் காட்டமாட்டாள். மரம் எங்கே இருக்கப்போகிறதோ அங்கேயே போய்ப் பார்க்க வேண்டும் என்பாள். ஒரு வீட்டுக்குப் போனால் நாலைந்து கட்டைகளைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். வெயில் ஜன்னலில் இருந்து மெல்ல நகர்ந்து வந்து கட்டைகளைத் தொடும், கடக்கும், சுவரில் ஏறும். ஒரு கட்டை சிவக்கும், இன்னொன்று சாம்பல் பூக்கும். மணிக்கணக்காக அப்படியே. முதலில் நான் வேனில் தூங்குவேன். பிறகு நானும் உள்ளே போய் உட்கார ஆரம்பித்தேன். கண் திறந்திருக்கும்போதே கனவு காண்பது போல இருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் வாயை மூடி இருந்ததில்லை, என் புருஷன் இருந்தபோதுகூட.

புருஷன்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. எந்த வீட்டிலும் அந்த ஜாதி ஒன்றுதான். மனைவி கட்டைகளை மாற்றி மாற்றிப் பார்ப்பாள். அந்த மனிதர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "அவளுக்கு எது பிடிக்குதோ அதுதாங்க" என்பார். சலோமா உடனே வேலையை நிறுத்திவிடுவாள். ஒரு கட்டையை எடுத்து அவர் கையில் வைப்பாள்.

"சும்மா வெச்சிருங்க. ஒண்ணும் சொல்ல வேணாம்."

எங்கள் மாநிலத்திலேயே இருக்கிற டப்ளினில் ஒரு டாக்டர் அப்படிக் கால் மணி நேரம் வைத்திருந்தார். திடீரென்று, "இது வேணாம். இதைப் பாத்தா ஆஸ்பத்திரி ஞாபகம் வருது. வீட்டுக்கு வந்தும் அதுவா?" என்றார்.

அவர் மனைவி திகைத்துப்போனாள். "இத்தன வருஷத்துல இதை நீங்க சொன்னதே இல்லையே!"

"நீ கேக்கலையே."

அன்று வண்டியில் சலோமா சொன்னாள். "எல்லாம் உன் இஷ்டம்னு சொல்றது குடுக்கறது இல்ல, ஜோலீன். கை கழுவறது."

இதெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஐம்பத்தொரு வயதில் சலோமாவைப் பெண் கேட்டு ஒருவர் வந்தார். எர்வின் ஹெர்ஷ்பெர்கர். குதிரைச் சேணம் தைக்கிறவர், மனைவி இறந்து நாலு வருடம். பிள்ளைகள் தனித்தனியாகப் போய்விட்டார்கள். எட்டாம் வகுப்பு வரை இவளும் அவரும் ஒரே பள்ளி. நல்ல மனிதர்தான், எனக்குப் பிடிக்கும். அவர் வீட்டில் பீச் பழம் வைத்துச் சுடும் பலகாரம் இன்னும் பிடிக்கும்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போனோம். எர்வின் சமையலறை நடுவில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்த அலமாரி எல்லாத்தையும் பேத்து எடுத்துடலாம், சலோமா. புதுசா செஞ்சுக்கலாம். எந்த மரம், எந்த நிறம், எல்லாம் உன் இஷ்டம்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பாவம், எந்தக் குழியில் கால் வைக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

சலோமா மெதுவாகக் கேட்டாள். "கண்ணை மூடு, எர்வின். இந்த அலமாரி என்ன நிறம்?"

அவர் மூடிக்கொண்டு வெகு நேரம் யோசித்தார். மனைவியோடு இருபத்தாறு வருடம் அந்த அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்.

"பலகை நிறம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. சலோமா சிரிக்கவில்லை. பெட்டியில் இருந்து ஒரு செர்ரி மரக் கட்டையை எடுத்தாள். சாயம் ஏற்றாத, வெறும் எண்ணெய் தடவிய கட்டை. பால் அதிகம் விட்ட தேநீர் நிறம். அடியில் பென்சிலால் தேதி எழுதி, அதைக் கிழக்கு ஜன்னலோரம் வைத்தாள்.

"இது இங்க இருக்கட்டும். அப்புறம் சொல்றேன்."

செர்ரி அப்படித்தான். புதிதில் வெளிறி இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டுத்தான் சிவந்து கறுக்கும். அவசரக்காரர்கள் முதல் நாளே சாயம் ஏற்றிவிட்டு, ரெண்டு வருடம் கழித்து மேஜை கறுத்துவிட்டதே என்று பட்டறைக்கு வந்து அழுவார்கள்.

திரும்பும் வழியில் நான் விடவில்லை. "அடியே, அந்த மனுஷன் கல்யாணத்துக்குக் கேக்கறாரு, நீ கட்டைய வெச்சிட்டு வர்ற! என்னதான் உன் மனசுல?"

சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க ஆளுங்கள்ல ஒரு தடவ சரின்னா அது சாகற வரைக்கும். தனியா இருக்கறதுல எனக்குப் பயமில்ல, பழகிடுச்சு. ஒரு வீட்டுக்குள்ள போயி, என்னைப் பாக்காத ஆளோட இருக்கறதுதான் பயம். செத்துப்போன அந்தம்மா இருபத்தாறு வருஷம் என்ன நிறத்துல இருந்தாங்கன்னு அவனுக்குத் தெரியுமா?"

"அதுக்குக் கட்டை என்னடி பண்ணும்?"

"தினமும் கண் முன்னாடி மாறும். அவன் பாக்கறானான்னு பாக்கணும்."

வாயைத் திறந்து எர்வினிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அது பரீட்சைக் கேள்வித்தாளைத் திருடிக் கொடுப்பது மாதிரி. முப்பது வருடம் பிள்ளைகளின் ரகசியம் காத்தவள் நான், இதையும் காத்தேன்.

வசந்தம் போனது. மாதம் ஒரு வியாழக்கிழமை போவோம். சலோமா ஜன்னலோரம் நின்று கட்டையைத் தொடாமல் பார்ப்பாள். எர்வின் வானிலை பேசுவார், குதிரை பேசுவார், கட்டையைப் பற்றி மூச்சு விடமாட்டார். ஒவ்வொரு முறையும் வண்டியில் ஏறும்போது அவள் முகம் இன்னும் கொஞ்சம் மூடிக்கொள்ளும். ஆகஸ்டில், "போதும் ஜோலீன். அடுத்த மாசம் கட்டைய எடுத்துட்டு வந்துடறேன்" என்றாள். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அவ்வளவு கோபம், யார் மேல் என்றே தெரியாத கோபம்.

செப்டம்பரில் போனோம். மேஜைமேல் பீச் பலகாரம் இருந்தது. சலோமா பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு நேராக ஜன்னலுக்குப் போனாள், கட்டையை எடுத்தாள், திருப்பினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

ஜன்னலோரம் கிடந்த கட்டையின் அடிப்பக்கம் வெளிறித்தான் இருக்க வேண்டும். வெளிச்சம் படாத இடம் மாறாது. இது ஆறு பக்கமும் ஒரே பழுப்பு. தேதி எழுதிய பக்கமும்தான். பென்சில் எழுத்து மட்டும் துளி அழியாமல் இருந்தது.

"எர்வின், இதை யாராவது எடுத்தாங்களா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "எடுக்கக் கூடாதா? நீ சொல்லலையே. சேணத்துக்குப் புதுத் தோல் வார்னா நான் அப்படித்தான் செய்வேன். எண்ணெய் தடவி வெயில்ல வெச்சு, தினமும் ஒரு பக்கமாத் திருப்பிவிடுவேன். ஒரு பக்கம் மட்டும் கறுத்தா அசிங்கமா இருக்குமே. காலைல இங்க, மத்தியானத்துக்கு மேல பட்டறை ஜன்னல்ல, தைக்கறப்ப பக்கத்துலயே."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமையும். அன்னைக்கு வேலை செய்யக் கூடாதே, இது அதுல சேருமா என்னன்னு யோசிச்சேன், சேராதுன்னு வெச்சுக்கிட்டேன்." தொப்பியைச் சுழற்றினார். "முதல் மாசம் ஒண்ணும் ஆகல. ஏமாத்திட்டியோன்னு நெனச்சேன். மே கடைசில ஒரு நாள் காலைல தேன் மாதிரி இருந்துச்சு. உன்கிட்ட சொல்லணும்னு இருந்துச்சு, நீ சிரிப்பியோன்னு விட்டுட்டேன். நீ வர்ற அன்னைக்கு மட்டும் நீ வெச்ச மாதிரியே வெச்சுடுவேன். இப்ப கண்ண மூடச் சொல்லு, ஒவ்வொரு பக்கமா சொல்றேன். இந்த ஓரத்துல ஒரு கறுப்பு வரி இருக்கு, வெயில் சாஞ்சா மட்டுந்தான் தெரியும்."

சலோமா நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்டை மடியில் இருந்தது. வெயில் மெல்ல அவள் கைவரை வந்தது. நான் பலகாரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லவும் மறந்து நின்றேன்.

"அந்தப் பழைய அலமாரி இருக்கட்டும். அது பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கு. ஒரு மேஜை மட்டும் செய்யச் சொல்வோம். செர்ரில. சாயம் வேணாம்" என்றாள்.

எர்வின் கவலையோடு ஜன்னலைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். "அவ்ளோ பெரிய மேஜைய நான் எப்படித் தினமும் திருப்பறது?"

"ரெண்டு பேர் பிடிச்சாத் திருப்பலாம்."

நான் வெளியே போய் வேனைக் கிளப்பினேன். கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது, துடைத்துப் பார்த்தால் கண்ணாடியில் ஒன்றுமில்லை. வெகு நேரம் கழித்து அவள் வந்து ஏறினாள். வழியில் பெர்லின் என்கிற சின்ன ஊரைத் தாண்டும்போதுதான் அவள் மடி காலியாக இருப்பதைக் கவனித்தேன்.

"சலோமா! பெட்டிய அங்கயே விட்டுட்டு வந்துட்டடி. வண்டியத் திருப்பட்டுமா?"

அவள் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்" என்றாள். "அங்க இருக்கட்டும்."