அன்ரன் அண்ணை கண்டுபிடித்த கரகரப்பு

செவ்வாய்க்கிழமை காலை, தபாற்கந்தோரில் பதிவுத் தபால் ஒன்றுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தபோது எங்கள் இசைக்குழுவில் பாடும் வதனி அழைத்தாள். வேலை நேரத்தில் அவள் அழைப்பதில்லை. "அன்ரன் அண்ணை போயிட்டார் அக்கா. கடையிலை இருந்தபடியே," என்றாள். வரிசையில் முதலாவதாக நின்ற பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் பிறகு வருவதாகச் சொல்லித் தன் கடிதத்தை எடுத்துக்கொண்டு விலகினார்.

இதை வாசிக்கிறவர்களில் பலர் அவரிடம் மூக்குக்கண்ணாடி போட்டிருப்பீர்கள். மருதனார்மடம் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் இருபது வருடத்துக்கு மேலாகக் கண்ணாடி தேய்த்துச் சட்டத்தில் பொருத்திக்கொண்டிருந்தவர். மற்றவர்கள் அவர் கீபோர்ட் வாசிக்கக் கேட்டிருப்பீர்கள், குருநகரில் அவருடைய பங்குக் கோயிலில், அல்லது எங்கள் குழுவோடு ஏதாவதொரு கலியாண மண்டபத்தில். பெரிய உடம்பு. அந்த உடம்பில் விரல்கள் மட்டும் வேறு யாருடையவோ போல இருக்கும். அரிசிமணி அளவுத் திருகாணியை நகத்தில் ஏந்திக்கொண்டே ஊர்க்கதை கதைப்பார். புதுக் கண்ணாடி போட்டவரைக் கதிரையில் இருத்திவைத்துச் சரியா என்று கேட்கமாட்டார். தெருவரை நடந்து, படி இறங்கி ஏறி வரச் சொல்லுவார். "இருந்துகொண்டு பாத்தா எல்லாம் வடிவாய்த்தான் தெரியும்," என்பார்.

அந்தக் குழுவில் நான் சேர்ந்தபோது எனக்கு முப்பத்து நாலு வயது. பள்ளிக்கூடத்தில் வீணை படித்த கை. வெளிநாடு போன ஒருவர் விற்ற பழைய பேஸ் கிற்றார் ஒன்றை வாங்கி, வீட்டிலிருந்து தனியாகப் பழகியிருந்தேன். நாலு தடித்த தந்திகள். பாட்டைக் கேட்கிறவர்கள் அதைத் தனியாகக் கவனிக்கமாட்டார்கள். அது பிழைத்தால் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

பங்குனி வெயில் தொடங்கியதும் அது பிழைத்தது. மேல்தந்தியில் ஐந்தாவது இடத்தில் அழுத்தி மீட்டினால் நாதத்தோடு ஒரு கரகரப்பும் சேர்ந்து வந்தது, தகர டப்பாவுக்குள் வண்டு அகப்பட்டது போல. வயரை மாற்றினோம், ஒலிபெருக்கியை மாற்றினோம், போகவில்லை. எங்கள் குழுத் தலைவர் முன்னணிக் கிற்றார் வாசிப்பவர், நல்ல பலமான கை. அவர் பொறுமையாகத்தான் சொன்னார். "தங்கச்சி, உம்மடை விரலுக்குப் பலம் காணாது. பொம்பிளையளின்ரை கைக்கு உது கஷ்டம்." நான் நம்பினேன். தோல் கொப்பளிக்கும்வரை அழுத்திப் பழகினேன். கந்தோரில் முத்திரை குத்தும்போது விரல் நுனி எரியும். கரகரப்பு அப்படியே இருந்தது.

சித்திரையில் உடுப்பிட்டியில் ஒரு கலியாணம். அதற்கு நான் வரவேண்டியதில்லை என்றும், அன்ரன் இடது கையால் கீபோர்டிலேயே பேஸ் வாசித்துவிடுவார் என்றும் தலைவர் தொலைபேசியில் சொன்னார். அன்ரன் அண்ணை மறுக்கவில்லை. போய் வாசித்தார். நன்றாகவே வாசித்தாராம். அதைக் கேட்டபோது தலைவர் மேல் வராத கோபம் எனக்கு அவர்மேல் வந்தது.

அடுத்த நாள் பின்னேரம் கொக்குவிலில் எங்கள் வீட்டுப் படலையடியில் அவருடைய மோட்டார் சைக்கிள் நின்றது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அன்ரன் அண்ணை தரையைப் பார்த்தபடி சொன்னார். "நேற்று உன்ரை இடத்திலை நான் வாசிச்சனான் பிள்ளை. ஓம் எண்டிருக்கக் கூடாது. எங்கை, உந்தக் கிற்றாரைக் கொண்டா பாப்பம்."

பேஸைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் ஒன்றோடொன்று முட்டுகிற இடத்தைத் தேடுவதுதான் தன் தொழில் என்றார். தந்தி எங்கேயோ முட்டுகிறது, உயர்த்திவிட்டால் முட்டாது என்பது அவர் கணக்கு. கடையிலிருந்து கொண்டுவந்த சிறு திருப்பியால் அடிப்பக்கத்துத் திருகாணிகளை முறுக்கி நாலு தந்திகளையும் உயர்த்தினார். மெல்ல மீட்டியபோது கரகரப்பு குறைந்தது போலிருந்தது. இரண்டு பேரும் சந்தோசப்பட்டோம்.

சனிக்கிழமை தலைவர் வீட்டு விறாந்தையில் ஒத்திகை. இரண்டாவது பாட்டிலேயே கரகரப்பு திரும்பி வந்தது. போதாததற்குத் தந்திகள் உயர்ந்திருந்ததால் என்னால் அழுத்தவே முடியவில்லை. தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். எல்லோரும் என் விரல்களையே பார்த்தார்கள். கிற்றாரைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

அன்ரன் அண்ணை கீபோர்டை விட்டு எழும்பி வந்தார். "பிழை என்ரை. தந்தியை உயத்தினது நான். அவவின்ரை கையிலை பிழையில்லை," என்றார். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அன்ரன் அண்ணை என்னிடமிருந்து கிற்றாரை வாங்கி அவரிடம் நீட்டி, அந்த ஐந்தாவது இடத்தில் அவரையே அழுத்தி மீட்டச் சொன்னார். தலைவர் சிரித்துக்கொண்டே வாங்கி அழுத்தினார். அதே கரகரப்பு. இன்னும் இறுக்கி அழுத்தினார். அதே கரகரப்பு.

அன்ரன் அண்ணை சொன்னார். "மூக்கிலை கண்ணாடி நோகுது எண்டா, மூக்கையே பிழை சொல்லுறது?"

வதனிதான் முதலில் சிரித்தாள். பிறகு தலைவரும் சிரித்துவிட்டார்.

அன்றைய ஒத்திகை அதோடு சரி. கிற்றாரின் கழுத்துக்குக் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளை நாங்கள் பிரெட் என்போம். வீணையில் மெட்டு மாதிரி. அன்ரன் அண்ணை தந்திகளைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, சிறிய இரும்பு அடிமட்டம் ஒன்றை மூன்று மூன்று பிரெட்டுகளின் மேல் நிறுத்தி அசைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். மற்ற இடங்களில் அசையாமல் இருந்த அடிமட்டம் ஆறாவது பிரெட்டில் 'டக் டக்' என்று ஆடியது. ரோச் வெளிச்சத்தில் எங்களுக்கும் காட்டினார். அந்தப் பிரெட்டின் ஒரு நுனி மரத்திலிருந்து ஒரு மயிரளவு கிளம்பியிருந்தது. வெயிலில் மரம் காய்ந்து கம்பியைத் தள்ளியிருக்க வேண்டும். ஐந்தில் அழுத்தினால் தந்தி ஆறில் போய் முட்டியிருக்கிறது. எந்த விரல் அழுத்தினாலும் முட்டத்தான் செய்யும்.

பிரெட்டுக்கு அடியில் ஒரு துளி பசை விட்டார். மேலே மரத்துண்டு ஒன்றை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டி இறக்கினார். பசை இறுகும்வரை தலைவரைத்தான் பெருவிரலால் அழுத்திப் பிடித்திருக்கச் சொன்னார். "உங்கடை கைதானே பலம்," என்றார். தலைவரும் மறுபேச்சில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு தந்திகளைப் பழைய உயரத்துக்கு இறக்கி, சுருதி கூட்டி, என்னிடம் தந்தார். நான் ஐந்தாவது இடத்தில் மெல்லத் தொட்டு மீட்டினேன். நாதம் மட்டும் வந்தது. எனக்கு அழுகையும் வந்தது. அவர் அதைக் காணாதது போலக் கீபோர்டுக்குப் போய் இருந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் ஒரே மேடைகளில் வாசித்தோம். சண்டையும் பிடித்திருக்கிறோம். அவர் வேகம் கூட்டுவார், நான் இழுத்துப் பிடிப்பேன். "பிள்ளை, நீ என்னைப் பிறேக் பிடிக்கிறாய்," என்பார். ஆனால் அந்த உடுப்பிட்டிக் கலியாணத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பிறகு கதைத்ததில்லை. அவர் தலைவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவர் என்றே நான் நினைத்து வைத்திருந்தேன்.

செத்தவீட்டில் அவருடைய மனைவி திரேசா அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். பிறகு சொன்னார். "அந்தக் கலியாணத்துக்கு அடுத்த நாள், உங்கடை வீட்டை வர முந்தி, அவர் தலைவரிட்டைப் போனவர். பிள்ளையை நிப்பாட்டினா நானும் குழுவை விட்டு நிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தவர். உனக்குச் சொன்னவரோ?"

அவர் சொல்லவில்லை. எட்டு வருடமும் சொல்லவில்லை. தலைவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் எவ்வளவோ தரம் நன்றி சொல்லியிருப்பேன். ஒவ்வொரு மேடையிலும் அவருக்குக் கடமைப்பட்டவளாகவே நின்றிருப்பேன். அப்படி நிற்க வேண்டிய தேவை எனக்கு வராமல் பார்த்துக்கொண்டார். அதனால்தான் வேகத்துக்காக அவரோடு அவ்வளவு தைரியமாகச் சண்டை பிடிக்க முடிந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்ள விரும்புவது இதைத்தான். போன கிழமை எங்கள் கந்தோரில் ஒருவரை வேறிடத்துக்கு மாற்றிவிடும் கதை வந்தது, வேலையில் மந்தம் என்று. நான் மேலதிகாரியின் அறைக்குப் போய், பிழை அந்த ஆளில் இல்லை என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். மாற்றம் நின்றுவிட்டது. அந்த ஆள் யாரென்று இங்கே எழுதப்போவதில்லை. அவரிடமும் சொல்லப்போவதில்லை.