வெறுஞ்சோற்றுக்கு ஐந்து புள்ளி

வட்டக்கச்சி கமக்காரர் அமைப்பு மண்டபத்துக்கு அந்த வியாழக்கிழமை வந்த விவசாயிகள் இருபத்திரண்டு பேர். அவர்களோடு நானும், என்னோடு படிக்கும் நண்பனும், மூன்று பானைச் சோறும். வராதவர்கள் எங்கள் விரிவுரையாளர், என் அப்பா, கறி. விரிவுரையாளருக்குக் கூட்டம். அப்பாவுக்கு வயலில் தண்ணீர் முறை. கறியை நாங்களே மறித்துவிட்டோம். அது வந்தால் சோற்றின் ருசியை எப்படி அளப்பது?

மூன்று புது நெல்லினங்களில் எது ருசி என்பதுதான் எங்கள் இறுதியாண்டு ஆய்வு. திங்கட்கிழமை அறிக்கை கொடுக்காவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். பட்டமளிப்புக்கு அம்மா சேலைகூட எடுத்துவிட்டார்.

தாளில் ஆண் என்றால் 1, பெண் என்றால் 2 என்று எழுதச் சொன்னேன்.

“அப்ப ஒரு பொம்பிளை ரெண்டு ஆம்பிளைக்குச் சமனோ தம்பி?” என்று முன்வரிசை அக்கா கேட்டார்.

“இல்லை அக்கா, அது பெயரளவை. இலக்கம் சும்மா பேர் மாதிரி. கூட்டிக் கழிக்க ஏலாது.”

“எங்கடை வீட்டை ஒருக்கா வந்து பாருங்கோ. பிறகு சொல்லுங்கோ.”

பக்கத்தில் இருந்த அவர் கணவர் முகட்டைப் பார்த்தார்.

அடுத்து, ‘அ’, ‘ஆ’, ‘இ’ என்று எழுதிய ஒவ்வொரு பானைச் சோற்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி. ஐந்துதான் மிக நல்லது என்று தாளில் நான் எழுதவில்லை. அது யாருக்குத் தெரியாது?

பின்னேரம் சராசரி பார்த்தோம். மூன்று பானைக்கும் ஏறக்குறைய மூன்று புள்ளி.

“மச்சான், எல்லாம் ஒரே ருசி” என்றான் நண்பன்.

விரிவுரையாளர் போனில் பேசினார். “இது வரிசையளவை. இலக்கம் எது மேலை, எது கீழை எண்டு மட்டும்தான் சொல்லும். இதுக்குச் சராசரி எடுக்கிறதே பிழை. ஆர் ஆர் எத்தினை போட்டவை எண்டு எண்ணிப் பாருங்கோ.”

எண்ணினோம். ‘ஆ’ பானைக்குப் பத்துப் பேர் ஒன்று, பன்னிரண்டு பேர் ஐந்து. நடுவில் ஒருவருமில்லை. காரணம் கேட்க முன்வரிசை அக்கா வீட்டுக்கு ஓடினோம்.

“‘ஆ’ சோறு பத்துப் பேருக்குப் பிடிக்கேல்லை. உங்களுக்குமோ அக்கா?”

“ஆர் சொன்னது? திறமான சோறு. அதுதான் ஒண்டு போட்டனான்.”

“ஒண்டு எண்டால் ஆகக் குறைவு.”

“வகுப்பிலை முதலாம் பிள்ளை எண்டால் ஆகக் குறைவோ? ஐஞ்சாம் பிள்ளைக்கு ஆர் பரிசு குடுக்கிறது?”

தாள்களில் பெயர் இல்லாததால், எந்த ஒன்று பாராட்டு, எந்த ஒன்று வசை என்று பிரிக்கவும் வழியில்லை. முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும்.

“ரெண்டாந்தரம் வெறுஞ்சோறு தின்ன ஒருத்தரும் வராயினம்” என்றார் அக்கா. “மீன்குழம்பு வையுங்கோ.”

“ருசி மாறிப்போடும் அக்கா.”

“வெறுஞ்சோறு திண்டு தாளைத் தாறம். பிறகு குழம்போடை சாப்பிடுறம். தாள் தந்தாப்பிறகு எங்கடை வாயை நீங்கள் ஏன் அளக்கிறியள்?”

ஞாயிற்றுக்கிழமைத் தாளில் இலக்கமே இல்லை. ‘மோசம்’ தொடங்கி ‘திறம்’ வரை ஐந்து சொற்கள். இருபத்திரண்டு பேரும் வந்தார்கள். ஆய்வில் இல்லாத ஒன்பது பேரும் குழம்பு நேரத்துக்குச் சரியாக வந்தார்கள். ‘ஆ’ சோறு தெளிவாக வென்றது. திங்கள் காலை அறிக்கையைக் கொடுத்தோம். மீன், தேங்காய், விறகு, புதுத் தாள்கள் எல்லாம் சேர்த்து எங்கள் இருவருக்கும் போன காசு ஒன்பதாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய்.