ஒத்த ஆள் படகு

எங்கள் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வரும் என்று நானும் அத்தையும் காத்திருந்தோம். அம்மாவுக்குச் சீட்டு விழுந்திருந்தது. அப்பாவின் அக்காவான அத்தை எங்களோடுதான் இருந்தாள். அவள் பின்புறக் குழாயடியைக் கூட்டிப் பெருக்கி, மெஷினுக்கு அடியில் வைக்க நாலு செங்கலும் தேடி எடுத்துவிட்டாள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் தெருவில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. அதன் பின்னால் வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். டிரைவர் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது அவள் சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. அவள் கணக்கு டீச்சர்.

எதிர்வீட்டுக்காரர் வந்து தட்டிப் பார்த்தார். "தண்ணித் தொட்டியா டீச்சர்?"

"இல்ல, படகு."

அவர் இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். "எதுக்கும் மூடி போட்டு வைங்க, கொசு முட்ட போட்டுரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா தூத்துக்குடியில் கல்லூரி படித்தபோது என்.சி.சி.யில் கடற்படைப் பிரிவில் இருந்தவள். அங்கேதான் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டாள், போட்டிகளுக்கும் போயிருக்கிறாள். அந்தச் சான்றிதழ்கள் பீரோவில் என் பிறப்புச் சான்றிதழுக்கு அடியில் கிடந்தன. நானும் பார்த்திருக்கிறேன், யாருடையவை என்று கேட்டதில்லை. பிறகு பி.எட்., கல்யாணம், பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட வேலை, நான் என்று வரிசையாக வந்துவிட்டோம். துறைமுகத்தில் ஓர் அதிகாரி மாற்றலாகிப் போகிறார், தன் பழைய பந்தயப் படகைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று கூடப் படித்த தோழி போனில் சொல்லியிருக்கிறாள். அம்மா வீட்டில் "பாத்துட்டு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய், வாங்கிக்கொண்டே வந்துவிட்டாள்.

அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. சாட்சிப் பொருளைப் பார்ப்பது போலப் படகை இரண்டு தடவை சுற்றி வந்தார்.

"எத்தன பேரு உக்காரலாம்?"

"ஒரு ஆளு."

"அப்பம் மத்தவங்க?"

"மத்தவங்க கரையில நிக்கலாம்" என்றாள் அம்மா.

படகை வேப்பமரத்தடியில் கவிழ்த்துப் போட்டோம். மறுநாளே அது வீட்டில் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. எங்கள் வீட்டில் எந்தப் பொருளுக்கும் அதுதான் கதி. "வழவழன்னு இருக்கு, சூடும் நல்லாப் பிடிக்கு" என்று அத்தை அதன் முதுகில் வேட்டியை விரித்துக் கூழ்வத்தல் போட்டாள். அப்பா சைக்கிளைச் சாய்த்து வைத்தார். நானும் தெருப் பிள்ளைகளும் சறுக்கி விளையாடினோம். அம்மா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வத்தலை எடுத்து, சைக்கிளை நகர்த்தி, எங்களையும் விரட்டிவிட்டு, ஈரத்துணியால் துடைப்பாள். அவள் கோபப்பட்டதாக நினைவில்லை.

கோடை லீவு முழுக்க அவள் அதைச் சீர்பண்ணினாள். அடிப்பாகத்தில் இருந்த கீறல்களை அடைத்தாள். உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற வேலையை எனக்குக் கொடுத்தாள். இற்றுப்போன கயிறுகளைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டாள், துருப்பிடித்த கப்பிகளை மாற்றினாள். காற்றடித்துப் படகு சாயும்போது ஓட்டுகிறவர் விளிம்பில் உட்கார்ந்து உடம்பை வெளியே சாய்க்க வேண்டுமாம். பின்பக்கமாக விழாமல் இருக்கக் கால்களை ஒரு பட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டுமாம். அந்தப் பட்டை நைந்து கிடந்தது. பழைய இரும்புக் கடைக்குப் போய், நொறுங்கிக் கிடந்த ஒரு காரிலிருந்து சீட் பெல்ட்டை அறுத்து வாங்கி வந்து மாட்டினாள்.

சீர்பண்ணுவதில் எல்லாருக்கும் ஒரு யோசனை இருந்தது. "நடுவுல ஒரு பலகையப் போட்டா மூணு பேரு உக்காரலாம்லா" என்றார் அப்பா. மேலே கூரை மாதிரி எதையாவது கட்டினால் தானும் ஒரு நாள் வருவேன் என்றாள் அத்தை. நான் முன்னால் ஓரமாக, இடமே அடைக்காமல் உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னேன். எல்லாருக்கும் அம்மா ஒரே பதிலைத்தான் சொன்னாள். "இது ஒத்த ஆள் படகு."

எனக்கு ஆறவே இல்லை. விரல் தோல் உரியத் தேய்த்தவள் நான். அதுவரை அம்மாவிடம் கேட்டு எனக்கு எதுவும் கிடைக்காமல் போனதில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தால் அவள் மடி எனக்கு. கலர் சோடா வாங்கினால் கடைசி மடக்குதான் அவளுக்கு. குளிக்கப் போனால்கூட நான் கதவுக்கு வெளியே நின்று வாய்ப்பாடு ஒப்பிப்பேன். அப்பேர்ப்பட்ட அம்மா, நான் உட்கார முடியாத ஒரு பொருளைத் தேடிப் போய் வாங்கி வந்திருக்கிறாளே என்று எனக்கு அழுகையாக வந்தது. அழவும் செய்தேன்.

படகின் பாய் தையல் விட்டுக் கிழிந்திருந்தது. நீள நீளமான துணிப் பட்டைகளைச் சேர்த்துத் தைத்த வெள்ளைப் பாய் அது. லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் அம்மா கொடுத்தாள். ஒரே வாரத்தில் புதுசு போலத் தைத்துக் கொடுத்தார். அவர் தையலைப் பார்த்தால் அடிஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி இருக்கும்.

ஆனியில் பாபநாசத்தில் அணையைத் திறந்தார்கள். கால்வாயில் தண்ணீர் வந்து எங்கள் ஊர்ப் பக்கத்துக் குளம் நிரம்பியது. மேற்கேயிருந்து காற்றும் ஆரம்பித்தது. குளத்தில் மீன் குத்தகை எடுத்திருந்தவரிடம் அம்மா போய் அனுமதி கேட்டாள். அவர் பாய், கயிறு எதையும் விசாரிக்கவில்லை. "ஒரு ஆளு போனா போங்க டீச்சர். ரெண்டாவது ஆளு ஏறக்கூடாது. ஒத்த ஆளு படகு ஓட்டத்தான் செய்வான். ரெண்டு பேரு ஏறுனா அது மீன் பிடிக்கதுக்கு" என்றார். என் கடைசி நம்பிக்கையும் அதோடு போயிற்று.

முதல் ஞாயிற்றுக்கிழமை மேற்குக் கரையில் படகை இறக்கினோம். அம்மா சுடிதாருக்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டு, இடுப்புத் தண்ணீர் வரை தள்ளிக்கொண்டு போய் ஏறினாள். காற்று பின்னாலிருந்து தள்ள, படகு கிழக்குக் கரைக்குச் சர்ரென்று போயிற்று. அப்பா கைதட்டினார். ஆனால் திரும்பி வர வேண்டுமே. காற்றுக்கு எதிரே நேராக வர முடியாது, இந்தப் பக்கம் சாய்ந்து கொஞ்சம், அந்தப் பக்கம் சாய்ந்து கொஞ்சம் என்றுதான் வர வேண்டும், மாஞ்சோலை பஸ் வளைந்து வளைந்து மலை ஏறுகிற மாதிரி என்று அம்மா முந்தின நாளே எங்களுக்குச் சொல்லியிருந்தாள். ஆனால் அவளுடைய பஸ் மலை ஏறவில்லை. குளத்தின் வடக்குக் கரையில் பாதித் தூரத்தில் ஒற்றைப் பனை ஒன்று நின்றது. இந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பினாலும் அதே பனைக்கு நேரே வந்தாள், அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பினாலும் அதே பனைக்கு நேரே வந்தாள். ஒரு மணி நேரம் இது நடந்தது. கடைசியில் பாயைச் சுருட்டிவிட்டு, கயிற்றைப் பிடித்துப் படகைக் கரையோரமாக இழுத்துக்கொண்டே நடந்து வந்தாள். பின்னால் ஆடு மேய்க்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சாமி ஊர்வலம் போல வந்தார்கள்.

"வேண்டாத வேல பாத்தா இப்பிடித்தான்" என்றாள் அத்தை. புறவழிச்சாலையில் ஓட்டல் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் வாசலில் படகு நிறுத்தினால் ஜனங்கள் போட்டோ எடுப்பார்கள் என்று சொல்லி, வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். அங்கே போய்விட்டால் நான் எப்போது வேண்டுமானாலும் ஏறி உட்காரலாம்.

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள். "அடுத்த ஞாயித்துக்கெழமயும் காத்துக்கு எதுத்து வரலன்னா நானே குடுத்துருதேன்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் அவள் மொட்டை மாடியில் பாயை விரித்துப் போட்டு அதன் மேல் முழங்காலால் நகர்ந்து நகர்ந்து பார்த்தாள். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு தார்ப்பாய் அண்ணாச்சியிடம் போனாள்.

"அண்ணாச்சி, இதுல தையலு முன்ன வளைஞ்சுல்லா இருந்துது?"

அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆமாம்மா. எல்லாம் கோணக்கமாணக்கன்னு கெடந்துச்சு. முன்ன தச்சவன் தண்ணியப் போட்டுட்டுத் தச்சிருப்பான் போல. நான் நூலு பிடிச்சு அம்புட்டையும் நேராக்கிட்டேன். அதுக்குத் தனியாத் துட்டு கேக்கலல்லா."

பட்டைகளின் ஓரம் கொஞ்சம் வளைந்து இருந்தால்தான் பாய் காற்றில் வயிறு போல உப்புமாம். உப்பினால்தான் படகுக்கு இழுவை கிடைக்குமாம். அண்ணாச்சி நேராக்கியதில் பாய் கதவுப் பலகை மாதிரி ஆகிவிட்டது. அம்மா அவரிடம் பொறுமையாக விளக்கினாள். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நேரா இருக்கத மறுபடி கோணலாத் தைக்க என் கை வராதும்மா" என்று சொல்லிவிட்டார்.

அங்கிருந்து அம்மாவுக்கு ரவிக்கை தைக்கிற டைலர் அக்காவிடம் போனோம். அவள் பாயைத் தரையில் பரப்பி, பழைய ஊசித் துளைகள் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். "டீச்சர், இது ஜாக்கெட்டுக்கு டக்கு பிடிக்க மாதிரிதான. நேராத் தச்சா உடம்புல எப்பிடி நிக்கும்?" என்றாள். அம்மா அவளைக் கட்டிக்கொள்ளாத குறை. ஆனால் அந்தக் கெட்டித் துணி அக்காவின் மெஷினில் ஏறவில்லை. ஆகவே மூன்று பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு மறுபடி அண்ணாச்சி கடைக்கே போனோம். அவருடைய பெரிய மெஷினில் அக்கா உட்கார்ந்து பழைய துளைகளைப் பிடித்தே தைத்தாள். அண்ணாச்சி துணியைத் தாங்கிக் கொடுத்தார், முகத்தை மட்டும் ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். கோணல் தையலைக் கண்ணால் பார்க்க முடியாதாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா விடியும் முன்னே இட்லி அவித்து, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவித் தூக்குவாளியில் வைத்துக்கொண்டாள். கரையில் ஒருவர் சைக்கிளில் வடை விற்றார். அப்பா எனக்கு இரண்டு பருப்பு வடை வாங்கித் தந்தார். தின்றுகொண்டே பார்த்தேன். படகு கிழக்கே போயிற்று, திரும்பியது. பாய் இந்தத் தடவை நிஜமாகவே உப்பியது. அம்மா சீட் பெல்ட்டில் கால்களை மாட்டி, முதுகு தண்ணீரைத் தொட்டுவிடும் போல வெளியே சாய்ந்திருந்தாள். ஒரு தடவை சாய்ந்து வந்தாள், மறு தடவை சாய்ந்து வந்தாள். பனை பின்னால் போய்விட்டது.

அத்தை என் தோளை இறுக்கிப் பிடித்தாள். "ஏட்டி, பனையத் தாண்டிட்டா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அப்பா வடை கட்டின எண்ணெய்க் காகிதத்தைக் கையில் பிடித்தபடி நின்றார்.

அம்மா எங்கள் கரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். தலைமுடி, முகம் எல்லாம் நனைந்து, அந்தக் குட்டியானை வண்டியிலிருந்து இறங்கிய நாள் சிரிப்பைச் சிரித்தாள். ஒரு விரலைக் காட்டினாள், இன்னும் ஒரு சுற்று. படகைத் திருப்பிக் கிழக்கே விட்டாள். அவள் முதுகு சின்னதாகிக்கொண்டே போயிற்று. அவள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பயமாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

"அம்மா, பசிக்கு" என்று கத்தினேன்.

காற்று எங்கள் பக்கமிருந்து அவள் பக்கம் அடித்தது. என் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, படகு திரும்பியது. காற்றுக்கு எதிரே வளைந்து வளைந்து வந்து, கரையில் ஒட்டி, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு இறங்கினாள்.

படகை விற்கவில்லை. ஒவ்வொரு ஆனி ஆடியிலும் தண்ணீர் வந்தால் அம்மா போனாள். ஓய்வு பெற்ற பிறகும் போகிறாள். அத்தைக்கு வாஷிங் மெஷின் இரண்டு வருஷம் கழித்து வந்தது. நான் எனக்கென்று ஒரு படகு வாங்கவில்லை. என் மகளுக்கு மூன்று வயது. நான் குளியலறைக் கதவைச் சாத்தினால், கையில் பிஸ்கெட்டை வைத்துக்கொண்டே "பசிக்கு" என்று வெளியே நின்று தட்டுகிறாள்.

நான் கத்திய அன்றைக்கு அம்மா ஈரத்தோடு கரையில் உட்கார்ந்து, என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அப்பா எண்ணெய்க் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அம்மா என் உதட்டோரத்தைக் கட்டைவிரலால் துடைத்தாள். விரலில் ஒட்டியிருந்த வடைத் துணுக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தூக்குவாளியைத் திறந்து, இட்லியைப் பிட்டு ஊட்டினாள். வயிறு முட்டியிருந்தும் நாலு இட்லி தின்றேன். அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, நன்றாக ஏமாந்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.