விளக்கு வைத்த பிறகு தீட்டிய கத்தி

அன்று வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். துளசிராமன் ஆகிய நான். என் மனைவி ஜோதிலட்சுமி. மகள் ரம்யா. அவளை அழைத்துப் போக வந்திருந்த மாப்பிள்ளை அன்புசெல்வன். என் அப்பாவின் அக்கா, அங்காளம்மாள் அத்தை. ஆறாவதாக ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பொன்னேரி பக்கத்தில் எங்கள் குடும்பத்தைத் தெரியாதவர்கள் இல்லை. பேய், பிசாசு என்று வாய்க்கு வந்ததைப் பேசும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது.

கல்யாணமான முதல் ஆடி என்பதால் அந்த மாதம் முழுக்க ரம்யா எங்களோடு இருந்தாள். ஆவணி பிறந்துவிட்டது. மறுநாள் விடியற்காலை நல்ல நேரத்தில் புருஷன் வீட்டுக்குப் புறப்பட வேண்டும். எங்கள் பழைய வீட்டில் ஏதோ இருக்கிறது என்று சம்பந்தியம்மாளுக்கு முன்பே ஒரு சந்தேகம். புறப்படும் நேரத்தில் ஓர் அபசகுனம் என்று காதில் விழுந்தால் போதும், பெண்ணை எங்களிடமே விட்டுவிடுவார். என் கவலையெல்லாம் அதுதான்.

மாப்பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. பழைய சவரக் கத்தியில் சவரம் செய்து பழக வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. எங்கள் பரணில், ஒரு தகரப் பெட்டியில், என் தாத்தா குப்புராஜின் மடக்குக் கத்தி இருந்தது. தாத்தா தன் தாடையை இன்னொருவர் கையில் கொடுக்காதவர். தன் கத்தியையும் யாருக்கும் கொடுக்காதவர். ஆனாலும் மாப்பிள்ளை கேட்டால் இல்லை என்பது எப்படி? போன மாதம் என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன்.

அதைக் கல்லில் தீட்டிக் கூர் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். கூடவே புதிதாக வாங்கிய தோல் வார் ஒன்று. தடித்த எருமைத் தோல்.

"கல்லுல தீட்டுனா மட்டும் போதாது மாமா. தோலுல இழுத்தாதான் மூஞ்சில வைக்க முடியும். கத்தியோட முதுகு முன்னால போவணும், கூரு பின்னால வரணும். மாத்தி இழுத்தா தோலு அறுந்துடும். புதுசா பழகுறவன் மொதல்ல தோலத்தான் அறுப்பான்."

"அப்புறம் கழுத்தையா?" என்றாள் ரம்யா.

"உங்க அப்பா எதிர்ல இன்னா பேச்சு இது!" என்று அவரும் சிரித்தார்.

கத்தியை வைத்துக்கொள்ளப் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினார். உள்ளே சுருட்டி வைத்த ஒரு வார் இருந்தது.

போன மாதம் அந்தப் பெட்டியில் கத்தி மட்டும்தான் இருந்தது.

வெளிர்ப் பழுப்பு நிறம். தூசி இல்லை. நடுவில் மூன்று கோடுகள் மடிப்புபோல ஓடின. மாப்பிள்ளை இரண்டு வார்களையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார்.

"புதுசு வெறப்பா கீது மாமா. இதுதான் மெத்துனு கீது. கத்தி நல்லா படியும்." மறுபடி தொட்டுப் பார்த்தார். "வெயில்ல வெச்சிருந்தீங்களா? சூடா கீதே..."

ஆவணி மழை பெய்துகொண்டிருந்தது. மணி ஆறரை. ஜோதிலட்சுமி விளக்கு வைத்துவிட்டாள். விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் நகம்கூட வெட்டுவதில்லை.

"விளக்கு வெச்சாச்சு மாப்பிள்ளை. காலையில பாத்துக்கலாமே."

"காலைல ஏது மாமா நேரம்? அஞ்சு நிமிசம்."

மாப்பிள்ளையிடம் ஒன்றை இரண்டாம் முறை சொல்வது மரியாதையில்லை.

ஜன்னல் கொக்கியில் பழைய வாரை மாட்டினார். இழுத்துப் பிடித்துத் தீட்டினார்.

சர்ர்... சர்ர்... சர்ர்...

"அய்யோ, அந்தச் சத்தம்..." உள் அறையில் படுத்திருந்த அத்தை முனகினார்.

மின்சாரம் போனது.

மாப்பிள்ளையின் கை நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

சர்ர்... சர்ர்...

"மாமா... நீங்களா?"

"இல்ல."

"யாரோ என் கைய புடிச்சிக்கினு..."

கத்தி திரும்பியது. கூர் முன்னால் போனது. அறுபடும் சத்தம் கேட்டது.

ஒரு முனகல்.

ஆண் குரல். மாப்பிள்ளையுடையது அல்ல.

மின்சாரம் திரும்பி வந்தது. தரையெல்லாம் ரத்தம். ரம்யா அலறினாள். மாப்பிள்ளை ஜன்னலை விட்டு விலகிச் சுவரோடு ஒட்டி நின்றார்.

அந்த ஜன்னல் அறையைச் சாத்தினோம். அன்றிரவு யாரும் அதற்குள் போகவில்லை.

விடியற்காலை, குறித்த நேரத்தில், இருவரையும் அனுப்பி வைத்தேன். ரம்யா திரும்பிப் பார்க்காமல் போனாள். பிறகு அறையைத் திறந்தேன். கொக்கியில் வார் இல்லை. கத்தி மடங்கி, பெட்டிக்குள் இருந்தது. நாங்கள் யாரும் வைக்கவில்லை.

அத்தையிடம், தாத்தாவின் தோல் வாரைப் பற்றிக் கேட்டேன்.

"வாரா? எந்த வாரு? எங்க நைனா வாரே வெச்சிக்கலடா தொளசி. எடது உள்ளங்கையிலதான் தீட்டுவாரு. நேத்து கேட்டுச்சே, அதே சத்தம்..."

மாப்பிள்ளையின் கழுத்தை எங்கள் வீட்டுக் கத்தி அறுத்துவிட்டதாக எளாவூர் வரை பேசுகிறார்கள். சம்பந்தியம்மாள் காதுக்கும் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

அது தவறு. மாப்பிள்ளையின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அறுபட்டது வார். ரத்தமும் அதிலிருந்துதான் வந்தது.