பைப் கம் பூசிய சிவப்புக் கார்

பைப் கம் மணத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். மூக்கில் ஏறி, தொண்டை வரைக்கும் எரிக்கிற அந்த மணம்... குழாய் ஒட்ட ஆள் வந்தால் நான் எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவேன். கேட்பவர்களிடம், அந்த மணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உண்மைக் காரணம் ஒரு சிவப்புக் கார்.

எழுபதுகளின் கடைசி. எங்கள் ஊர் இணுவில். லண்டனில் இருந்த மாமா என் அண்ணைக்கு ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். அண்ணை இஞ்சினியராக வருவான் என்று அவன் பிறந்த அன்றைக்கே வீட்டில் முடிவாகியிருந்தது. அதே பார்சலில் எனக்கு ஒரு சட்டைத் துணி வந்தது.

பெட்டிக்குள் பிளாஸ்டிக் கட்டைகள். ஒன்றோடொன்று அழுத்திப் பூட்டுகிற கட்டைகள்தான், ஆனால் வீடு கட்டுகிற சாதி இல்லை. பல் வைத்த சக்கரங்களான பற்சில்லுகள், தண்டுகள், விரல் நுனி அளவில் பிஸ்டன்கள்... எல்லாம் சரியாகச் சேர்த்தால் ஒரு கார் வரும். படங்கள் மட்டும் உள்ள ஒரு புத்தகமும் இருந்தது. அண்ணை அதை இரண்டு பக்கம் புரட்டிவிட்டுக் கிரிக்கெட் விளையாடப் போய்விட்டான்.

நான் இருந்தேன்.

பள்ளிக்கூட விடுமுறை முழுக்க, விறாந்தையில் பாயை விரித்துக்கொண்டு அதோடேயே இருந்தேன். எங்கள் தோட்டத்துத் தண்ணீர் இறைக்கிற மிசினை ஒருமுறை கழற்றி வைத்திருந்தபோது பிஸ்டனைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். அதே சாமான், சின்னதாக, இப்போது என் கையில். ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஒரு பற்சட்டம் நகர்ந்து முன்சில்லுகளைத் திருப்பியது. காரைத் தரையில் உருட்டினால் பின்சில்லு தண்டைச் சுற்ற, தண்டு இஞ்சினைச் சுற்ற, பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வந்தன.

டக்... டக்... டக்...

பூட்டி முடித்த அன்று பின்னேரம் முழுக்கச் சீமெந்துத் தரையில் அதை உருட்டினேன். அம்மா தேத்தண்ணிக்குக் கூப்பிட்டும் போகவில்லை. முழங்கால் தோல் உரிந்ததுகூடத் தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அண்ணை வந்து காரைத் தூக்கி, ஒரு பின்சில்லை விரலால் சுற்றினான். மற்றச் சில்லு எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

"எடி, பிழையாப் பூட்டிப்போட்டாய். ஒண்டு முன்னுக்குப் போக மற்றது பின்னுக்குப் போகுது."

"இல்லை அண்ணை, உது அப்பிடித்தான். வளைவிலை வெளிச்சில்லு கூட ஓடோணும், உள்சில்லு குறைய ஓடோணும். அதுக்குத்தான் நடுவிலை உந்தப் பல்லுகள். உண்மைக் காரிலையும் உது கிடக்கு."

"ஓமோம், உனக்கு எல்லாம் தெரியும்."

அடுத்த கிழமை அவனுடைய பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி. காரை அங்கே வைப்பதாக அவன் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டான். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. கோபம்தான்... ஆனாலும் நாலு பேர் முன்னால் அது ஓடவேண்டும் என்ற ஆசை கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. காரோடு வைக்கிற பெயர் அட்டையில் என் பெயரையும் எழுதச் சொன்னேன்.

"பாப்பம்" என்றான்.

அடுத்த நாளே, நான் ரியூசன் வகுப்புக்குப் போன நேரம், ஐயாவிடம் போய், சில்லு ஆடுகிறது, சைக்கிளில் கொண்டுபோகும்போது கழன்றுவிடும் என்று சொல்லியிருக்கிறான். ஐயா, எங்கள் அப்பா, தோட்டம் செய்கிறவர். எதையும் இறுக்கிக் கட்டினால்தான் அவருக்கு நித்திரை வரும். தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்க்குப் பூசுகிற கம் டின்னைத் திறந்துவிட்டார்.

நான் ரியூசன் முடிந்து வந்து வாசல் படலையைத் திறக்கும்போதே மணம் அடித்தது.

கார் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பல்லுக்கும் ஐயா பார்த்துப் பார்த்துப் பூசியிருந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"இனிப் பனையாலை விழுந்தாலும் கழராது, பிள்ளை."

உருட்டிப் பார்த்தேன். சில்லு சுற்றாமல் தரையில் இழுபட்டது. பிஸ்டன் அசையவில்லை.

"ஐயா, இது இனி ஓடாது!"

"ஓடி எங்கை போகப்போகுது? பாக்கிறதுக்குத்தானே."

கண்காட்சிக்கு அம்மாவோடு போனேன். அட்டையில் அண்ணையின் பெயர் மட்டும், கொட்டை எழுத்தில். பிரதம விருந்தினர் குனிந்து பார்த்தார்.

"தம்பி, உதுக்குள்ளை இஞ்சினும் கிடக்கு. ஒருக்கா உருட்டும் பாப்பம்."

அண்ணை தள்ளினான். அசையவில்லை. பலமாகத் தள்ளினான். ஒரு பின்சில்லு முறிந்து மேசைக்குக் கீழே உருண்டது. அவன் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப்பிடித்துக் கையை நீட்டினான்.

"தங்கச்சிதான் பூட்டினவள், சேர். பிழையாப் பூட்டிப்போட்டாள்."

பெயர் எழுதும்போது ஞாபகம் வராத தங்கச்சி!

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டை நெரித்துப் பிடித்தார்.

"பேசாமல் நில். சபையிலை அண்ணையை அவமானப்படுத்தாதை."

நின்றேன். விருந்தினர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். முறிந்த சில்லையும் ஐயா கம் பூசி ஒட்டினார். கண்ணாடி அலுமாரியில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் "மகன் செய்தது" என்று காட்டினார்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்?

கனடாவில் இருக்கிற அண்ணை போன கிழமை குடும்பக் குரூப்பில் அந்தக் காரின் பழைய படத்தைப் போட்டிருந்தான். "நான் சின்ன வயதில் செய்தது. பிஸ்டன் எல்லாம் வேலை செய்யும்." கீழே ஒரே இதயங்கள். பேரப்பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்.

நான் கேட்டேன்: "அண்ணை, ஒரு பின்சில்லைச் சுத்தினா மற்றது எந்தப் பக்கம் சுத்தும்?"

ஒரு சிரிப்பு முகம் வந்தது. "நீ இன்னும் அதை மறக்கேல்லையோ?"

மறக்கவில்லை.

இப்போதெல்லாம் அதே மாதிரிக் கட்டைகளில் கியர், ஸ்பிரிங் எல்லாம் உள்ள கார்கள் வருகின்றன. கைத்தொலைபேசியால்கூட ஓட்டலாமாம். எனக்கென்றே ஒன்று வாங்கி, நானே பூட்டி முடித்தேன். வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் உருட்டி விளையாடுவார்கள், கழன்றால் திரும்பப் பூட்டுவேன். நல்ல கார்தான்... ஆனாலும் அந்தச் சிவப்புக் கார் மாதிரி இல்லை.

அது மொத்தமாக ஓடியதே ஒரு பின்னேரம்தான். ஓட்டியது நான்.